“வெளியார் – ஒரு குழி”: பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

கடந்த ஞாயிறு காலைத் திருப்பலியில், இறுதி ஆசீருக்கு முன்பாகப் பேரவைச் செயலாளர் ஒலிவாங்கியில் வாசித்த அறிவித்தலைப் பற்றியே இந்த மடல். வரும் தை மாதம் தொடக்கம், குடும்ப அட்டை வைத்திருந்து இரண்டு ஆண்டுச் சந்தாவை நிலுவையின்றிச் செலுத்திய குடும்பங்கள் மட்டுமே பங்குக் குடும்பங்கள் என்றும் மற்றவர்கள் “விருந்தினர்” என்றும் அதில் சொல்லப்பட்டது. விருந்தினர் வீட்டுப் பிள்ளைகள் முதல்நன்மை, அதாவது முதன்முறை நற்கருணை, வாங்கத் தங்கள் “சொந்தப் பங்கில்” இருந்து கடிதம் கொண்டுவர வேண்டும். பீடப் பணிக்கும் பாடற்குழுவுக்கும் அவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் இறந்தால், சேமக்காலையில் அடக்கம் செய்யப் பேரவையின் அனுமதியும் தனிக் கட்டணமும் வேண்டும். வாசித்து முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்று ஆசீர் பெற்றுக் கலைந்தோம்.

திங்கட்கிழமை மாலை, என் மறைக்கல்வி வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் மகன் பீடப் பணிக்குப் போடும் வெள்ளை அங்கி, துவைத்து, அழுத்தி, நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கழுத்தடியில் கழன்றிருந்த பொத்தானைக்கூடப் புதிதாகத் தைத்திருந்தார். “இதை அறைவீட்டில் சுவாமியிடம் கொடுத்துவிடுங்கள் ரீச்சர். அவர்கள் கேட்டு வாங்குவதற்கு முன் நாங்களாகக் கொடுத்துவிடுவது மரியாதை” என்றார். அவர் கணவர் கடற்றொழிலாளி. ஏழு ஆண்டுகளாக இந்தப் பங்கின் எல்லைக்குள்தான் குடியிருக்கிறார்கள். அந்தப் பை இன்னும் என் வீட்டு மேசையில் இருக்கிறது. அதை நான் அறைவீட்டில் கொடுக்கப் போவதில்லை.

என் வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள். அவர்களில் ஒன்பது பேர் வீட்டில்தான் குடும்ப அட்டை இருக்கிறது. மீதிப் பதினான்கு பேருக்கும் “நீங்கள் கிறிஸ்துவின் உடலின் உறுப்புகள்” என்று நான் இனி எந்த முகத்தோடு கற்பிப்பது?

என் வீட்டிலும் அட்டை இல்லை. அது ஏன் இல்லை என்று பேரவையில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது, உடுத்த துணியோடு கந்தளாய்ப் பக்கமாக நடந்தவர்களில் நானும் என் அம்மாவும் தம்பியும் இருந்தோம். அதற்கு முன் திருகோணமலை எங்களுக்கு லாஞ்ச் ஏறி, கொட்டியாரக்குடாவைக் கடந்து, பெருநாள் உடுப்பு வாங்க வருகிற பட்டணம். அந்த ஆண்டிலிருந்து இதுவே எங்கள் ஊராயிற்று. வந்த நாள் முதல் நான்கு வீடுகள் மாறிவிட்டோம். நான்கும் வாடகை வீடுகள், நான்கும் இந்தப் பங்கின் எல்லைக்குள். குடும்ப அட்டைக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். முதல் முறை ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லை என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை அம்மாவின் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். அதையும் அலைந்து எடுத்தேன். மூன்றாம் முறை நிரந்தர முகவரிக்குக் காணி உறுதியோ, வீட்டு உரிமையாளரின் கடிதமோ வேண்டும் என்றார்கள். வாடகைக்கு விடுகிறவர் எழுத்தில் எதையும் கொடுக்கமாட்டார் என்பதை இந்த ஊரில் வாடகைக்கு இருந்த யாரும் அறிவார்கள். கிராம உத்தியோகத்தர் தந்த வதிவிடச் சான்றிதழை நீட்டினேன். அது போதாது என்று திருப்பித் தந்தார்கள். அரசாங்கம் என்னை இந்த ஊர்க்காரியாக ஏற்று வாக்காளர் இடாப்பில் பெயர் எழுதியிருக்கிறது. என் பங்கின் பதிவேட்டில் மட்டும் எனக்கு இடமில்லை.

இனி என் அம்மாவின் அடக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளாக இதை எங்கும் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் யாரோ ஒருவர் தவறி நடந்துகொண்டார் என்று நினைத்து விட்டுவிட்டோம். அந்தத் தவறையே நீங்கள் இப்போது விதியாக்கிவிட்டபடியால், இனி பேசாமல் இருப்பது அம்மாவுக்குச் செய்யும் துரோகம்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். சனி காலை ஏழு மணிக்குத் தம்பியும் நானும் அறைவீட்டு அலுவலகத்துக்குப் போனோம். பேரவை உறுப்பினர் ஒருவர் நீலமட்டைப் பதிவேட்டை எடுத்து, எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். “உங்கள் குடும்பம் இதில் இல்லையே” என்றார். அம்மாவை அவருக்கு நன்றாகத் தெரியும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக வாரம் தவறாமல் பீடத் துணிகளைக் கிணற்றடியில் வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுத்தவர் அம்மா. அந்தத் துணிகளைப் பல வாரம் அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார். “மூதூருக்கே கொண்டுபோகலாமே, அங்கேதானே உங்கள் ஆட்கள்” என்று அவர் கேட்டபோது அவரிடம் கோபமோ வெறுப்போ இல்லை. வழி தவறி வந்தவருக்குப் பாதை காட்டுகிற தொனியில்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பகல் முழுவதும் பேசி, மாலையில் இருபத்தையாயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. என் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின. ஞாயிறு மாலை அடக்கம் நடந்தது. அன்று பீடத்தில் விரித்திருந்தது அம்மா வியாழக்கிழமை கஞ்சி போட்டுக் கொடுத்த துணி. மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன. அடக்கம் முடிந்து பற்றுச்சீட்டு தந்தார்கள். வீட்டுக்கு வந்துதான் அதைப் படித்தேன். பெயர் எழுத வேண்டிய கோட்டில் அம்மாவின் பெயர் இல்லை. “வெளியார் – ஒரு குழி” என்று எழுதியிருந்தது.

சந்தாவைப் பற்றியும் பேச வேண்டும். கோயிலுக்குச் செலவு இருக்கிறது, மின்கட்டணம் இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, சேமக்காலையில் இடம் குறைந்து வருகிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆண்டு முழுவதும் ஆலயப் பக்கம் வராமல் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் மாதம் தவறாமல் பன்னிரண்டு மாதச் சந்தா என்ற கணக்கை வகுத்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். நம் கரையில் வாடைக்காற்று எழுந்தால் கார்த்திகை தொடங்கி மாசி வரை கடல் கொந்தளிப்பு. வள்ளம் கரையில் கிடக்கும், அடுப்பு எரிவதே கடனில்தான். சோளகக் காற்று பிறந்து கடல் அமர்ந்தபின் அதே குடும்பங்கள் காணிக்கைத் தட்டில் போடும் காசு, அந்த நான்கு மாத நிலுவையைவிடக் கூடவே இருக்கும். அது சந்தாப் புத்தகத்தில் ஏறுவதில்லை. கூலிக்குப் போகிற, அடுத்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண்களின் கதையும் இதுதான். நிலுவை என்று உங்கள் புத்தகத்தில் சிவப்பு மையில் விழுகிற பெயர்களில் பெரும்பாலானவை கொடுக்க மனமில்லாதவர்களுடையவை அல்ல. வேண்டுமானால் ஒவ்வொரு பெயராக உங்களோடு உட்கார்ந்து பார்க்கத் தயாராக இருக்கிறேன்.

அட்டை எப்படி வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும் திருப்பலி நேரத்தில் குண்டுகள் வெடித்தன. நமக்குப் பக்கத்து மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். உள்ளே நுழைய வந்தவனைச் சந்தேகித்து வெளியே நிறுத்திவைத்தவர் தம் உயிரைக் கொடுத்து உள்ளிருந்தவர்கள் பலரைக் காப்பாற்றினார். ஆகவே வாசலில் நின்று காவல் செய்வது குறைவான பணி என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆலயம் மறுபடி திறந்தபோது பெண்களின் பைகளைப் பார்க்கும் முறையில் நானும் நின்றேன். அப்போதுதான் இந்த மஞ்சள் அட்டை அச்சிடப்பட்டது. முகம் தெரியாதவர்களை அடையாளம் காண, சில மாதங்களுக்கு மட்டும் என்று சொன்னீர்கள். பயத்தில் இருந்த எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. சில மாதங்கள் ஆண்டுகளாயின. பை பார்ப்பது நின்றுபோயிற்று. அட்டை பார்ப்பது மட்டும் நின்றது இல்லை. இப்போது வாசலில் நிற்கும் தொண்டர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தில் “அட்டை இல்லாதவர்கள் பந்தலில் உட்காருங்கள்” என்கிறார்கள். பெயர் தெரிந்த பிறகு அட்டை எதற்கு?

மறைக்கல்வி ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் திருச்சபைச் சட்டத்தின் சில பகுதிகளையும் கற்பித்தார்கள். அறிவித்தல் வந்த இரவு அந்தக் கொப்பியை எடுத்து மறுபடி படித்தேன். 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 518ஆம் சட்டம் பங்கு என்பது பொதுவாக ஓர் எல்லையைக் கொண்டது, அந்த எல்லைக்குள் இருக்கும் விசுவாசிகள் எல்லோரையும் அது உள்ளடக்கும் என்கிறது. 102ஆம் சட்டப்படி, ஓர் இடத்தில் நிலையாக இருக்கும் எண்ணத்தோடு குடியேறினாலோ, ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து முடித்தாலோ அவர் அந்த இடத்தவர். மூன்று மாதம் தங்கினாலே அரைக் குடியுரிமை போன்ற ஒரு நிலை உண்டு. 107ஆம் சட்டம், இந்த வதிவிடத்தின் மூலமே ஒருவருக்குச் சொந்தப் பங்குத்தந்தை அமைகிறார் என்கிறது. இவற்றில் எங்கும் அட்டை இல்லை, சந்தா இல்லை, காணி உறுதி இல்லை. பங்குக்குச் சொந்தச் சேமக்காலை இருந்தால் பங்கு மக்கள் அதிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது 1180. அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடக்கக் கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் கிடைக்காமல் போகக் கூடாது என்பது 1181. வறுமையின் பொருட்டு எவருக்கும் அருளடையாளங்களின் உதவி அற்றுப்போகக் கூடாது என்பது 848. என் பத்தொன்பது ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். “சொந்தப் பங்கில்” இருந்து கடிதம் கொண்டுவரச் சொல்கிறீர்கள். அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் நீங்கள்தான், சுவாமி.

பருவ காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து கரையில் வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதக் கணக்கில் அவர்களும் நம் ஆட்கள்தான். ஞாயிறு பூசைக்கு வந்து, சிங்களத்தில் செபம் சொல்லிக்கொண்டு பின்வரிசையில் நிற்கும் அவர்களிடம் இத்தனை ஆண்டில் யாராவது பெயர் கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை. இதில் குற்றம் பேரவைக்கு மட்டும் உரியது அன்று.

பேரவைக் கூட்டத்தில் ஒருவர் எங்களை “வந்தான் வரத்தான்” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் சொல்லை நாம் எல்லோரும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானபின் இங்கே வந்து கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டி உழைத்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் வந்தவர்கள். அவர்களுக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து இந்த மண்ணிலேயே முதிர்ந்த குருக்களும் வந்தவர்கள். பாலையூற்றிலும் பட்டணத்திலும் வாழும் பறங்கியர் வீடுகளில் முதியவர்கள் இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் இரண்டு சொல் பேசுவார்கள். அவர்களின் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்களே. இவர்களைக் கழித்துவிட்டு இந்தப் பங்கின் வரலாற்றை எழுத முடியுமா?

புனித யோசேப் வாஸ் 1687இல் இலங்கைக்கு வந்தபோது அவரிடம் என்ன அடையாள அட்டை இருந்தது? ஒல்லாந்தருக்குப் பயந்து கத்தோலிக்கர் ஒளிந்திருந்த காலம். கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்த ஒரு குரு, நோயில் மெலிந்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்தச் செபமாலையைப் பார்த்து யாரோ ஒரு வீட்டில் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள். அவர்கள் அன்று உறுதிக் கடிதம் கேட்டிருந்தால்? 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தப் பங்கிலிருந்து இரவு பஸ்ஸில் போனவர்களில் நானும் அம்மாவும் இருந்தோம். பஸ்ஸில் இடம் ஒதுக்கும்போது எங்களிடம் யாரும் அட்டை கேட்கவில்லை.

நத்தார் கரோல் வண்டி எங்கள் ஒழுங்கைச் சந்திவரை வந்து திரும்பிப் போவதையும், அயல் வீடுகள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் பகுதிக்கு வராமலே போனதையும் விவரிக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் அதன் விளைவைச் சொல்ல வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஐந்து குடும்பங்கள் வேறு சபைகளுக்குப் போய்விட்டன. மந்தையைப் பிறர் கவர்ந்து போகிறார்கள் என்று நீங்கள் மறையுரையில் வருந்துகிறீர்கள், சுவாமி. போனவர்களில் ஒரு பெண்ணிடம் நான் நேரில் கேட்டேன். அவர் வேதத்தைப் பற்றியோ பிரசங்கத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. “பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அன்று மாலையே இரண்டு பேர் கஞ்சி கொண்டு வந்தார்கள். நம் கோயிலுக்குப் பதினொரு ஆண்டு போனேன், என் வீடு எது என்று ஒருவருக்கும் தெரியாது” என்றார். அவரைக் கவர்ந்து சென்றது ஒரு சட்டி கஞ்சிதான்.

ஆகவே கேட்கிறேன். அந்த அறிவித்தலை முழுமையாகத் திரும்பப் பெறுங்கள். அதை வாசித்த அதே ஒலிவாங்கியில், அதே இடத்தில், நத்தார் நவநாள் தொடங்குவதற்கு முன்பாக ஒரு ஞாயிறு காலையில் அதைத் திரும்பப் பெற்றதாக வாசியுங்கள். பேரவை தீர்மானித்துவிட்டது என்று சொல்லாதீர்கள் சுவாமி. பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே உண்டு என்று 536ஆம் சட்டம் சொல்கிறது. முடிவு உங்களுடையது.

எல்லைக்குள் வாழும் எவரையும் வதிவிடச் சான்றிதழோ, அயலவர் இருவரின் சாட்சியமோ கொண்டு பதிவேட்டில் சேருங்கள். ஒழுங்கை ஒழுங்கையாக வந்து நீங்களே பதியுங்கள். எங்கள் பகுதியை வீடு வீடாகக் காட்ட நான் கூட வருகிறேன். சந்தாவை ஆண்டுக் கணக்காக்கி, தொழில் நடக்கும் பருவத்தில் கொடுக்க விடுங்கள். கொடுக்க இயலாதவரின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவதை நிறுத்துங்கள்.

அடக்கத்துக்குப் பங்கு மக்கள் எல்லோருக்கும் ஒரே முறை இருக்கட்டும். சேமக்காலையின் பராமரிப்புக்கு இயன்றவர்கள் இயன்றதைத் தருவார்கள். இறந்தவரின் வீட்டுக்கு, பணத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்பாகப் பேரவையிலிருந்து இருவர் செபிக்கப் போகட்டும். வாசலில் நிற்கும் தொண்டர்கள் தொடர்ந்து நிற்கட்டும், பையைப் பார்க்க வேண்டுமானால் பார்க்கட்டும். யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்கும் வேலையை அவர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த பேரவைத் தெரிவில் வாடகை வீடுகளிலிருந்தும் கரையோரத்திலிருந்தும் ஆட்கள் நிற்க இடம் கொடுங்கள்.

அந்தச் சிறுவனின் அங்கி என் மேசையில் இருக்கிறது. வரும் ஞாயிறு அவன் அதைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு வருவான். நான்தான் கூட்டிவருவேன். அவனைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அம்மாவின் பற்றுச்சீட்டை இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன். பணம் எனக்குத் திரும்ப வேண்டாம். அதில் “வெளியார்” என்று எழுதியிருப்பதைக் கோடிட்டு வெட்டி, மேலே அம்மாவின் பெயரை எழுதி, பங்கின் முத்திரையை இட்டு, உங்கள் கையொப்பத்தோடு எனக்குத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை
திருகோணமலை